தொண்டுக்கட்டை

பதினோரு மணிக்கு வருகிறோம் என்று போனில் சொன்னார்கள். இப்போது மணி ஒன்பதே முக்கால். எனக்குச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். முப்பத்தேழு வருஷமாக நாக்குக்கு அடியில் வைத்திருக்கிற வாக்கியம், இன்னும் ஒன்றேகால் மணி நேரம் அங்கேயே இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று மொச்சைக்காயை முறத்தில் கொட்டி உரிக்க உட்கார்ந்தேன். அந்த ஊட்டுல நாங்க பச்சத்தண்ணி குடிக்கறதில்லீங்க. அவ்வளவுதான். எங்கள் பக்கம் பெண் விசாரிக்க வருகிறவர்களிடம் யாரும் யாரைப் பற்றியும் கெட்டதாக வாயைத் திறப்பதில்லை, அது பாவம், நாளைக்கு நம் வீட்டுக்கும் வருவார்கள். பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் வந்து உட்கார்ந்து, மழை பெய்ததா, கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் என்றெல்லாம் பேசிவிட்டு, கடைசியில் எழுந்திருக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு கேட்பார்கள், போக்குவரத்தெல்லாம் உண்டுங்களா, அங்க தண்ணி வாங்கிக் குடிப்பீங்களா. அப்போது இதைச் சொன்னால் போதும். ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஒரே சனம், மாமன் மச்சான் முறை, வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்றால் அந்த வீட்டில் என்னமோ இருக்கிறது என்று அவர்களே ஆயிரம் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். பொய்யும் சொல்லவில்லை, கோளும் சொல்லவில்லை. உண்மையிலேயே நான் அங்கே தண்ணீர் குடித்து நாற்பத்தெட்டு வருஷம் ஆகிறது. எப்படிச் சொல்வது என்பதைத்தான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். உடனே சொல்லக்கூடாது, காத்துக்கொண்டிருந்த மாதிரி தெரியும். முந்தானையால் வாயைத் துடைத்து, வேலிப்பக்கம் ஒரு பார்வை பார்த்து, பிறகு சொல்ல வேண்டும். முதல் காயிலேயே புழு. தூக்கி எறிந்தேன், கோழி ஓடி வந்து கொத்தியது.

இங்கே உட்கார்ந்தால் கிளுவை வேலிக்கு மேலே அவர்கள் வாசல் நன்றாகத் தெரிகிறது. வேப்பமரத்தடியில் கட்டில், கட்டிலில் ராக்கியப்பன். எண்பத்தாறு வயசு, ஒரு பக்கம் விளங்காமல் போய் இரண்டு வருஷம். ஈ மொய்த்தால் ஓட்டத் தெம்பில்லை, ஆனால் சாகமாட்டேன் என்கிறது கிழம். பேத்தி கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவாராம், ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பார்க்கட்டும். இன்றைக்குப் பதினொன்றரைக்கு மேல் என்ன பார்க்கிறார் என்று நானும் இங்கிருந்து பார்க்கிறேன். அந்தப் பேத்தி சௌமியாவுக்கு இருபத்தொன்பது முடிந்துவிட்டது. செவ்வாய் தோஷம் என்று இரண்டு இடம் தட்டிப்போனது. இந்த இடம்தான் எல்லாம் பொருந்தி, பூ வைக்கிற நாள்வரை பேச்சு வந்திருக்கிறது. இதுவும் போனால் மூன்றாவது, மூன்று இடம் வந்து திரும்பின பெண் என்றால் பிறகு யார் வருவார்கள், வந்தாலும் யார் வருவார்கள், எனக்குத் தெரியாதா என்ன. அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வண்டியில் போகும்போது என்னைப் பார்த்தால் லேசாக வேகத்தைக் குறைக்கும், சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் போய்விடும். நல்ல பிள்ளைதான். நானும் இருபத்தொரு வயசில் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன். ராசாமணி வாசலைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள், இன்றைக்கு இரண்டாம் தடவை. ராசாமணி ராக்கியப்பனின் மகள், சௌமியாவின் அம்மா, என்னோடு அஞ்சாங்கிளாஸ் வரை ஒரே பலகையில் உட்கார்ந்தவள். புருஷன் போனதும் மூன்று வயசுக் குழந்தையோடு அப்பன் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். இரண்டு வேலிக்கும் நடுவில் ஓடுகிற இந்த ஒற்றை இட்டேரியில் தினமும் எதிரும் புதிருமாகப் போகிறோம், அவள் வேலியைப் பார்ப்பாள், நான் வானத்தைப் பார்ப்பேன். அவளைப் பற்றி இப்போது என்ன. நான் நினைக்க வேண்டியது அவள் அப்பனை.

ஆடுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். எங்களுக்கு ஏழு வெள்ளாடு, அதில் சுட்டி என்று நெற்றியில் வெள்ளையோடு ஒரு பெட்டை, வேலியில் கை நுழைகிற சந்து இருந்தால் அவள் உடம்பை நுழைத்துவிடுவாள், அவள் பின்னாலேயே மீதி ஆறும். அந்தப் பக்கம் ராக்கியப்பனுக்குக் கிணறு ஊறியது, கடலைக்காடு பச்சைப் பசேலென்று கிடந்தது. எங்கள் கிணற்றில் தவளை கத்தியது. ஆட்டுக்கு வேலி தெரியுமா, பட்டா சிட்டா தெரியுமா. பச்சை தெரியும். வாரத்துக்கு ஒரு சண்டை. ஒருநாள் ராக்கியப்பன் துண்டில் எதையோ முடிந்துகொண்டு வந்து எங்கள் வாசலில் அவிழ்த்துக் கொட்டினார், ஆட்டுப் புழுக்கை. "பாருங்க, இது ஆரு ஆட்டுதுன்னு நீங்களே சொல்லுங்க." எங்கம்மா விடுவாளா, குனிந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேரு எதும் எழுதியிருக்கற மாதிரி தெரியலீங்களே" என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் தொழுவத்துப் பக்கம் போய்விட்டார். அவர்கள் கோழி மட்டும் என்னவாம், எங்கள் களத்தில் காயப்போட்ட ராகியை மூட்டை மூட்டையாகத் தின்றிருக்கும், ஒருநாள் நாங்கள் போய்க் கேட்டதுண்டா. அப்பா கேட்கமாட்டார். அதுதான் அப்பா. யார் வந்து என்ன சொன்னாலும் "ஆமாங்க, எங்க தப்புதானுங்க" என்று துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்கிற மனுஷன். அந்தச் செவ்வாய்க்கிழமையும் அதையேதான் சொன்னார். அதை நினைத்தால் ராக்கியப்பன் மேல் வருகிற கோபத்தில் பாதி அப்பா மேல் திரும்புகிறது, செத்துப் பதினெட்டு வருஷமான மனுஷன் மேல், அதனால் அதை நினைப்பதில்லை. குக்கர் கத்துகிறது. எழுந்து அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பத்து மணி ஐந்து.

அன்றைக்கு ஆடு கடலைக்காட்டுக்குள் போய்விட்டது. நான் பனைமரத்தடியில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்றுதான் சொன்னேன், அம்மாவிடம், அப்பாவிடம், வாத்தியாரிடம், எல்லோரிடமும். பின்னாலிருந்து பின்னலைப் பிடித்தது ஒரு கை. ராக்கியப்பன். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயசு இருக்கும், இப்போது கட்டிலில் கிடக்கிற அந்தக் கைதான், அன்றைக்குக் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்துக் காய்ப்புப் பிடித்த கை. "மேய விட்டுட்டுக் கல்லா ஆடறே" என்றார். நான் திட்டுவார் என்று நினைத்தேன், ஒரு அறை விழும் என்று நினைத்தேன். அவர் என்னை இழுத்துக்கொண்டு தன் தொழுவத்துக்குப் போனார். அங்கே ஒரு கிடாரி, அதன் கழுத்தில் தொண்டுக்கட்டை. இப்போது பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. ஊர்மேய்கிற மாட்டுக்குக் கழுத்தில் கயிறு போட்டு, முழங்கால் உயரத்துக்கு வருகிற மாதிரி ஒரு வேலமரக் கட்டையைத் தொங்கவிடுவார்கள், மாடு நடந்தால் ஒன்றுமில்லை, ஓடினால் கட்டை முன்னங்காலில் அடிக்கும், அடிக்குப் பயந்து ஓடாது. அதைக் கழற்றினார். "ஆட்டுக்குக் கட்டி என்ன பண்றது, மேய்க்கறவளுக்குக் கட்டோணும்" என்று சொல்லி என் கழுத்தில் போட்டார். கயிறு கிடாரியின் வியர்வையில் ஊறி ஈரமாக இருந்தது. பத்து வயசு எனக்கு. "நட" என்றார். நேரே போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு, இட்டேரி வழியாக, பிள்ளையார் மேடை வழியாக, எங்கள் வீட்டு வளவு வரைக்கும். பின்னால் அவர், முன்னால் நான், எனக்கு முன்னால் எங்கள் ஏழு ஆடும். மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, வேடிக்கைச் சிரிப்பு, அது இன்னும் கெட்டது. அன்றையிலிருந்து பள்ளிக்கூடத்தில் நான் பூவாத்தாள் இல்லை, தொண்டுக்கட்டை. தொண்டுக்கட்டை வருது, தொண்டுக்கட்டை போகுது. கல்யாணமாகிப் பேரன் எடுத்த ஒருவன் போன வருஷம் ரேஷன் கடையில் என்னைப் பார்த்து, "நீ தொண்டுக்கட்டதான" என்றான், பாசமாகத்தான் கேட்டான்.

கட்டை முழங்காலில் அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு அடி. சின்ன அடியாக வைத்தால் மெதுவாகப் படும், ஆனால் பின்னால் இருந்து "நட நட" என்று சத்தம், வேகமாக வைத்தால் எலும்பில் நேராகப் படும். இப்போதும் மழைக்காலத்தில் முழங்கால் வலித்தால் டாக்டர் தேய்மானம் என்கிறார், நான் சிரித்துக்கொள்கிறேன். மேடை வரைக்கும் அடித்தது. மேடை தாண்டி, இட்டேரியில் இருந்த அந்தப் புளியமர வளைவு வரைக்கும் அடித்தது. அதற்குப் பிறகு அடித்ததா. இதோ, இங்கேதான் எப்போதும் நின்றுவிடுகிறது. எத்தனை தடவை நினைத்தாலும் வளைவு வரைக்கும் வலி ஞாபகம் இருக்கிறது, வளைவுக்கு அப்புறம் எங்கள் வாசல்தான் ஞாபகம் வருகிறது, அப்பா கயிற்றை அவிழ்த்தது, ராக்கியப்பனைப் பார்த்து "ஆமாங்க, மேய விட்டது எங்க தப்புதானுங்க" என்று சொன்னது, கட்டையைத் துடைத்து, துடைத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தது. அம்மா வியாழக்கிழமை சந்தைக்கு ஏழு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வெறும் கயிறுகளோடு திரும்பி வந்தாள். சுட்டியின் கயிற்றை மட்டும் விட்டத்தில் சொருகினாள். நடுவில் அந்த வளைவிலிருந்து வாசல் வரைக்கும் ஏன் வலிக்கவில்லை. இருக்கட்டும், மரத்துப்போயிருக்கும். மொச்சை பாதி முடிந்தது. பத்தே கால்.

சரி, அதையாவது பிள்ளை வயசில் நடந்தது என்று தள்ளிவிடலாம். அடுத்ததை எப்படித் தள்ளுவது. எனக்கு இருபத்தொன்று நடந்துகொண்டிருந்தது. காங்கேயத்துப் பக்கத்திலிருந்து ஒரு இடம், மாப்பிள்ளை பள்ளிக்கூடத்து வாத்தியார். பெண் பார்க்க வந்தபோது நீலச் சட்டை போட்டிருந்தார். மழை வருகிற மாதிரி இருந்தது, குடை கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டு, போகும்போது மறந்துவிட்டார். அந்தக் குடை எங்கள் வீட்டில் நான்கு நாள் இருந்தது. நான் யாரும் இல்லாதபோது அதை விரித்துப் பார்த்தேன், ஒரு கம்பி வளைந்திருந்தது, அதை நிமிர்த்தி வைத்தேன். ஐந்தாம் நாள் விசாரிக்க வந்தார்கள், ராக்கியப்பன் வீட்டுக்குப் போனார்கள். ராக்கியப்பனின் பெண்சாதி காளியாத்தாள்தான் பேசினாளாம். அந்த ஊட்டுல நாங்க பச்சத்தண்ணி குடிக்கறதில்லீங்க. ஒரு வாக்கியம். அவர்கள் எங்கள் வாசலுக்கே திரும்பி வரவில்லை. மறுநாள் ஒரு ஆள் சைக்கிளில் வந்து, இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "அந்தக் கொடை இருக்குதாமுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அவ்வளவுதான் என் கல்யாணம். அதற்கப்புறம் வந்ததெல்லாம் ஒரு குறை இரண்டு குறை. இருபத்தாறில் இவருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டேன், இவரும் இங்கேயே வீட்டோடு வந்து சேர்ந்துகொண்டார். நல்ல மனுஷன், இல்லை என்று சொல்லவில்லை, இப்போதும் சந்தைக்குப் போயிருக்கிறார், வரும்போது எனக்கென்று முறுக்கு வாங்கிக்கொண்டுதான் வருவார். ஆனால் மழை வருகிற மாதிரி இருக்கிற நாளில் எல்லாம் எனக்கு அந்த வளைந்த கம்பி ஞாபகம் வரும். காளியாத்தாள் செத்தபோது ஊரே போனது, நான் போகவில்லை. கொள்ளிச்சட்டி இட்டேரியில் போனபோது இங்கே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உன் வாக்கியம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, உன் வீட்டுக்கே அதை அனுப்பி வைக்கிறேன் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன்.

பத்தரை. ஒரு பயம் மட்டும் இருக்கிறது. இந்தக் காலத்து ஆட்கள், அதுவும் அவிநாசிப் பக்கம், ஒருவேளை ஏன் என்று கேட்டுவிட்டால். ஏனுங்க, எதனாலீங்க. கேட்டால் தொண்டுக்கட்டையைச் சொல்லலாம். சொன்னால், அதற்காகவா என்பார்கள், நாற்பத்தெட்டு வருஷமா என்பார்கள். குடையைச் சொல்லலாம், ஆனால் அது காளியாத்தாள் குடிப்பதில்லை என்று சொன்ன கதை, அவள் ஏன் குடிக்காமல் போனாள் என்று அடுத்து வரும். ஏன் குடிக்காமல் போனாள். கட்டையைக் கட்டினது அவர்கள், கோபப்பட வேண்டியது நாங்கள், அவர்கள் எதற்குப் பேச்சை நிறுத்தினார்கள். மாடு செத்தது. ஆமாம், மாடு ஒன்று செத்தது. அதை எதற்கு இப்போது. எந்த ஊரில் மாடு சாகவில்லை. எங்கள் கிழக்குக் காட்டில் சோளம் அறுத்த தாள் நின்றது, நடுவில் ஒரு தூறல் விழுந்து அறுத்த தாளில் குருத்து விட்டிருந்தது. அந்தக் குருத்தைத் தின்றால் மாடு அரைமணி நேரத்தில் வயிறு உப்பிச் செத்துப்போகும், அது நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூட எங்கள் பக்கத்தில் தெரியும். அதனால் அப்பா வேலி ஓட்டையில் எல்லாம் முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார். முள்ளைத் தாண்டி ராக்கியப்பனின் மயிலைப் பசு உள்ளே வந்துவிட்டது. வந்தது, தின்றது, செத்தது. கன்று போட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. கன்று கத்தினது. நான்கு நாள் கத்தினது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தேன். முள் எப்படி விலகியது. அப்பா சாமி மேல் சத்தியம் செய்தார், நான் அடைச்சுத்தானுங்க வெச்சிருந்தேன் என்று, அவர்கள் நம்பவில்லை, அன்றோடு பேச்சு நின்றது. அப்பா சொன்னது சத்தியம். அடைத்துத்தான் இருந்தார். நான்தான் எடுத்தேன். போதுமா. நான்தான். செவ்வாய்க்கிழமை ஆட்டுக்குக் கடலைக்காட்டுப் படலைத் திறந்துவிட்டதும் நான்தான், கல்லாங்காய் எல்லாம் பிறகுதான் எடுத்தேன், பசியில் கத்திய ஆட்டைப் பார்க்க முடியவில்லை, திறந்தேன். சனிக்கிழமை முள்ளை எடுத்ததும் நான்தான், அது பசிக்காக இல்லை. வெறும் கையால் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன், கையெல்லாம் கீறல், வலிக்கவே இல்லை, இனித்தது. பிறகு இட்டேரியில் மாட்டை மேய்த்துக்கொண்டிருந்தவளிடம் போய், வா புள்ள, கல்லாங்காய் ஆடலாம் என்று கூப்பிட்டேன்.

மேய்த்துக்கொண்டிருந்தவள் ராசாமணி. பனைமரத்தடியில் முதுகை மாட்டுக்குக் காட்டி அவளை உட்கார வைத்தேன், நான் மாட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். "கையில என்ன புள்ள, ரத்தம்" என்றாள். "ஆட்டுக் கவுறு உராஞ்சிருச்சு" என்றேன். அவள் கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே, "ஆடுதான் வித்தாச்சுல்ல" என்றாள். நான் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அன்றைக்கு மாட்டை விட்டுவிட்டு விளையாடினதற்காகக் காளியாத்தாள் தோசைக்கரண்டியைப் பழுக்கக் காய்ச்சி அவள் வலதுகையின் புறத்தில் வைத்தாள். ராசாமணி போட்ட சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது, அம்மா "பாவம் அந்தப் புள்ள" என்றாள், நான் கம்பஞ்சோறு தின்றுகொண்டிருந்தேன். யாரோடு விளையாடினாய் என்று எத்தனை பேர் கேட்டார்களோ. அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், இந்த ஊரில் அப்படி ஒன்று அடங்காது. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம், நல்லவளாக இருந்துவிட்டுப் போகட்டும், யார் கேட்டார்கள். அந்தக் கையில்தான் விளக்குமாறு பிடித்துக் கூட்டிக்கொண்டிருக்கிறாள் இப்போது. அந்தக் கைதான் புளியமர வளைவில் வேலிச் சந்திலிருந்து ஓடி வந்தது. இதோ, வந்துவிட்டது, நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தது. பின்னால் அவள் அப்பன் "போடி ஊட்டுக்கு" என்று கத்தக் கத்த, கட்டையின் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னோடு ஒட்டிக்கொண்டே எங்கள் வாசல் வரைக்கும் நடந்து வந்தாள். அதனால்தான் வலிக்கவில்லை. நாலே நாள், நாலு நாள் கழித்து அவளைத்தான் கூப்பிட்டேன் விளையாட. கோபமாக வருகிறது. அவள் மேல்தான் வருகிறது. அவள் மட்டும் அன்றைக்கு மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருந்தால் இன்றைக்கு எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும். அதற்காக விட்டுவிடுவதா. குடை போனது போனதுதான். என் வாழ்க்கையைக் கெடுத்த வாக்கியம் அந்த வீட்டு வாக்கியம்தான். சொல்லத்தான் போகிறேன்.

இட்டேரியில் கார் சத்தம். வெள்ளைக் கார், வேலியில் உராயாமல் மெதுவாக வருகிறது. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். மாப்பிள்ளையின் அத்தையும் மாமாவும், இருவருக்கும் அறுபது இருக்கும், அந்தம்மா கண்ணாடி போட்டு, சாந்தமான முகம். "வாங்க, வாங்க" என்று நாற்காலி போட்டேன். மோர் கொடுத்தேன். மழையைப் பேசினார்கள், கிணற்றைப் பேசினார்கள், மொச்சை இப்ப என்ன ரகமுங்க என்று மாமா கேட்டார். எல்லாம் முறைப்படி.  பிறகு அந்தம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கிற மாதிரி முந்தானையைச் சரிசெய்தாள். வருகிறது, இதோ வருகிறது. "நாங்க இன்னொருத்தருகிட்ட விசாரிச்சாப் போதும்னுதான் நெனச்சமுங்க, பொண்ணோட அம்மாதான் உங்களையும் கேக்கோணும்னு சொல்லி, போன் நம்பர் வாங்கிக் குடுத்தாங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. "ஆரு?" "ராசாமணிங்க. 'வேற ஆரு நல்லாச் சொன்னாலும் எனக்கு வேண்டாமுங்க, வேலிக்கு அந்தப் பக்கம் பூவாத்தாளக் கேளுங்க. எங்க ஊட்டுல நடந்தது அத்தனையும் தெரிஞ்சவ அவ ஒருத்திதான். அவ என்ன சொல்றாளோ அதும்படி ஆகட்டும்'னு சொன்னாங்க. அத்தன பழக்கமுங்களா ரெண்டு பேருக்கும்?" மாமா புன்னகையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டுகிற சத்தம் நின்றிருந்தது. அவள் விளக்குமாற்றைப் பிடித்தபடி இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், நாற்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக வேலியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். தெரியும். அவளுக்கு அன்றைக்கே தெரியும், கையைப் பார்த்தபோதே தெரியும். தெரிந்துகொண்டு வாயை மூடி வைத்திருந்து, இன்றைக்குத் தன் மகளைக் கொண்டுவந்து என் வாய்க்கு முன்னால் நிறுத்தியிருக்கிறாள். பாவி. சண்டாளி. நான் ஒரு வாக்கியத்தை முப்பத்தேழு வருஷம் வைத்திருந்தேன் என்றால் அவள் ஒன்றை நாற்பத்தெட்டு வருஷமாக வைத்திருக்கிறாள். "அங்க தண்ணியெல்லாம் வாங்கிக் குடிப்பீங்களாங்க?" என்று கேட்டாள் அந்தம்மா. நான் முந்தானையால் வாயைத் துடைத்தேன். வேலிப்பக்கம் பார்த்தேன். எல்லாம் யோசித்து வைத்திருந்த மாதிரியே செய்தேன். வாக்கியம் வந்தது, நுனிநாக்கு வரைக்கும் வந்தது. "குடிப்போமுங்க" என்றேன். என் குரல் மாதிரியே இல்லை.

அந்தம்மாவுக்கு முகம் மலர்ந்துபோனது. "அப்பொறம் என்னங்க, வாங்க, நீங்களும் எங்ககூடவே வாங்க. அங்கதான போறோம். ஒண்ணா உக்காந்து நாள் பாத்தரலாம்." இல்லீங்க, அடுப்புல வேலை இருக்குதுங்க என்றேன். "சித்த நேரந்தானுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் குடிப்போம் என்று சொன்னவள் பத்தடி தூரத்துக்கு வரமாட்டேன் என்றால் அது என்ன அர்த்தம், அந்தம்மா முட்டாளா. செருப்பைப் போட்டேன். இட்டேரியில் இறங்கி, முன்னால் அவர்கள் இருவரும், பின்னால் நானும். புளியமரத்தை வெட்டி இருபது வருஷம் ஆகிறது, ஆனால் வளைவு அங்கேயேதான் இருக்கிறது. கால் தானாகச் சின்ன அடி வைத்தது. அவர்கள் வாசலில் கால் வைத்ததும் கட்டிலிலிருந்து ஒரு கண் மட்டும் திறந்தது. "ஆரு அது?" ராசாமணி உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீரோடு வந்தாள். வந்தவர்களுக்கு முதலில் கொடுக்கவில்லை, நேராக என்னிடம் வந்தாள். வலதுகையில் நீட்டினாள், புறங்கையில் தழும்பு கரண்டி அகலத்துக்கு வழுவழுவென்று இருந்தது. என்னைப் பார்த்தபடியே அப்பனுக்குச் சத்தமாகச் சொன்னாள். "பூவாத்தா அப்பா. நம்மூட்டுல தண்ணி குடிக்க வந்திருக்கறா." நான் அண்ணாந்து குடித்தேன். சொம்பு காலியாகும்வரை அவள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.